ஹன்னாவின் கடிதம்

உதட்டுச் சாயம் பூசி, நீலச் சட்டை போட்டு, ஜன்னலோரம் காத்திருந்தார் பியற்றிஸ். மடியில் அவுஸ்திரேலியத் தபால்தலை ஒட்டிய கடிதம், உறை பிரிந்தபடி கிடந்தது.

“மலர், வந்திட்டியா? ஹன்னா எழுதியிருக்கிறாள். வாசி.”

இல்ஃபோர்ட் முதியோர் இல்லத்தில் பிற்பகல் ஷிப்டுக்கு வந்த செல்வமலர் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் இருக்கிறாவெல்லோ, வாசிக்க?”

“நீ வாசிச்சாத்தான் எனக்கு விளங்கும்.”

பியற்றிஸுக்குப் பார்வை மங்கிப் பல வருடங்கள். அவர் கதை முழுதும் செல்வமலருக்குத் தெரியும். யூதப் பெண். யுத்தம் முடிந்து, உறவில் ஒருவரும் மிஞ்சாமல், ஜேர்மனியில் அகதி முகாமொன்றில் இருந்தார். அங்கேதான் கல்யாணம், அங்கேதான் ஹன்னாவும் பிறந்தாள்.

அவுஸ்திரேலியாவுக்கு விசா கிடைத்தபோது பியற்றிஸின் எக்ஸ்ரேயில் காசநோய். “சுகமானதும் வா” என்று சொல்லி, இரண்டு வயதுப் பிள்ளையோடு கணவன் கப்பலேறினான். அதன்பின் பியற்றிஸ் எழுதிய கடிதங்களெல்லாம் திரும்பி வந்தன. சுகமானபின் அவர் லண்டனில் குடியேறினார். நாற்பத்திரண்டு வருடங்கள் தேடி, இந்த 1990இல்தான் ஒரு சங்கம் ஹன்னாவின் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

செல்வமலருக்கும் ஒரு பிள்ளை. அவனை மூன்று வயதில் யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு லண்டன் வந்தவள். ஐந்து வருடமாகியும் அகதி வழக்கு முடியவில்லை. மகனைக் கூப்பிட வழியில்லை. ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியதிலிருந்து கடிதமும் இல்லை.

அவள் கடிதத்தைப் பிரித்தாள். நாலே வரி.

‘என் தாய் முகாமிலேயே இறந்துவிட்டாள் என்றுதான் அப்பா சொன்னார். என்னை வளர்த்தவளே எனக்குத் தாய். இந்த வயதில் இன்னொரு தாய் எனக்கு வேண்டாம். தயவுசெய்து இனி எழுதாதீர்கள்.’

திரும்பவும் முதல் வரிக்குப் போனாள். மாறவில்லை.

“என்ன பேசாமல் நிக்கிறாய்? வாசியன்.”

செல்வமலர் தாளை நிமிர்த்திப் பிடித்தாள். “‘அன்புள்ள அம்மா…’ எண்டு தொடங்கியிருக்கிறா.”

“அம்மா எண்டோ?”

“ஓம். ‘உங்களிலை எனக்குக் கோவமில்லை. நீங்கள் என்னை விட்டிட்டுப் போனது என்ரை நன்மைக்குத்தான் எண்டு தெரியும்.’”

பியற்றிஸ் கண்களை மூடிக்கொண்டார். “பிறகு?”

“‘நான் நல்லாச் சாப்பிடுறன். இருட்டுக்கு இப்ப பயமில்லை. நீங்கள் குளிருக்கை வேலைக்குப் போறதை நினைச்சாத்தான் அழுகை வரும். உங்கடை முகம் எனக்கு மறக்கேல்லை…’”

அதற்குமேல் அவளால் ஏலவில்லை. குரல் உடைந்து, கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பியற்றிஸ் தடவித் தடவி அவள் கையைக் கண்டுபிடித்து, இறுகப் பிடித்தார்.

“ஹன்னா எழுதினதை மேற்றன் காலமையே வாசிச்சுக் காட்டிப்போட்டா, பிள்ளை. நீ வாசிச்சது உன்ரை மகன்ரை.”