ஒன்றரை நிமிடம்

“பொம்பளைங்க ரூமுக்குள்ள போறாருங்க. ஒரு தடவை ரெண்டு தடவைன்னா நானும் பேசாம விட்டிருப்பேன்,” என்றார் நிர்வாகி அம்மா.

எதிரே உட்கார்ந்திருந்த மகன் தலையை நிமிர்த்தவேயில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவன், போன் வந்ததும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் கிரீஸ் கறையோடு ஓடி வந்திருந்தான். அப்பாவைப் பற்றி இப்படி ஒரு பேச்சைப் பத்துப் பேர் நடுவில் கேட்க வேண்டி வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

அந்த முதியோர் இல்லத்தில் தினமும் பத்து மணிக்குக் கூட்டம். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு பயிற்சியாளர் வந்து, பரிவும் உறுதியும் உள்ள தலைமைக் குழுவை உருவாக்குவது எப்படி என்று பாடம் நடத்திவிட்டுப் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. நர்ஸ்கள், உதவியாளர்கள், சமையல்காரர், கணினிப் பெண் என எல்லாப் பிரிவும் வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேச வேண்டும்; பாதியில் எழுந்து போகக் கூடாது.

இன்றைக்குப் பேச்சு ‘கண்டக்டர்’ பற்றி. மகனின் அப்பாவுக்கு இங்கே அதுதான் பெயர். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் ஒரு ஆணையும் உட்காரவிடாத மனுஷன்.

கேமராவில் பதிவானதை நிர்வாகி ஓட்டிக் காட்டினார். கண்டக்டர் கைத்தடியோடு வருகிறார், ஒன்பதாம் அறைக்குள் நுழைகிறார், ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்து அப்படியே பதினாலாம் அறைக்குப் போகிறார். போன வாரமும் அதேதான், அதற்கு முந்தின வாரமும் அதேதான், எல்லாமே செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு மேல்.

“செவ்வாய் தோஷம் போல,” என்று சமையல்காரர் முணுமுணுக்க, இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். மகனுக்குக் காது வரை சுட்டது.

அந்த அறைக்காரர்கள் யாராவது புகார் சொன்னார்களா என்று அவன் மெல்லக் கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள் பாவம் என்றார் நிர்வாகி.

சாயங்காலத்துக்குள் அழைத்துப் போய்விட வேண்டும் என்று ஒரு தாள் அவன் முன்னால் வந்தது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியில். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போன பிறகு, முட்டி தேய்ந்த அப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஆனாலும் அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

அப்போது சுவரில் இருந்த பலகையில் ஒன்பதாம் நம்பர் விளக்கு எரிந்தது. அறையில் மணியை அழுத்தினால் அந்த அறை வாசலில் மணி அடிக்கும், இங்கே விளக்கு எரியும்; யாராவது கட்டில் பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் அணையும். மூன்று மாதமாக எந்த விளக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எரிந்ததில்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமே வந்திருந்தது.

விளக்கு ஒன்றரை நிமிடத்தில் அணைந்தது. “பாத்தீங்களா, எங்க ஆளுங்க அப்படி,” என்று சொல்லிவிட்டு, கண்டக்டரை உள்ளே கூப்பிடக் கதவைத் திறந்தார் நிர்வாகி.

வெளியே அவரை உட்கார வைத்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

“பெத்த பிள்ளையை உள்ள உக்கார வச்சுக்கிட்டே போயிருக்காரு,” என்றாள் தலைமை நர்ஸ். நிர்வாகி விறுவிறுவென்று ஒன்பதாம் அறைக்கு நடந்தார். மொத்தக் குழுவும் பின்னால் போக, மகன் செத்தவன் போலக் கடைசியில் போனான்.

கண்டக்டர் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தார். சக்கர நாற்காலியில் இருந்த ஒன்பதாம் அறை அம்மாள், “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்,” என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கைத்தடியால் ஒரு மூக்குக் கண்ணாடியைத் தள்ளி எடுத்து, வேட்டியில் துடைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு மெல்ல எழுந்தார்.

வாசலில் இத்தனை தலைகளைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துப் பையன் போல மிரண்டு நின்றார். “மணி அடிச்சுதும்மா. யாரும் வரக் காணோம்,” என்றார்.

வெளியே டியூட்டியில் யார் என்று நிர்வாகி திரும்பிக் கேட்டார். நர்ஸ்கள் உதவியாளர்களைப் பார்த்தார்கள், உதவியாளர்கள் நர்ஸ்களைப் பார்த்தார்கள். தங்கள் ஆள் இல்லாவிட்டாலும் அவர்கள் ஆள் இருப்பார் என்று மூன்று மாதமாக இரு தரப்பும் நிம்மதியாக உட்கார்ந்து பரிவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

மகன் போய் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். கையெழுத்துப் போட்ட கையை எங்கே ஒளிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நிர்வாகிக்கோ யார் முகத்தையும் பார்க்க முடியாத அவமானம். கையிலிருந்த தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கடைசியில் கிழித்தார்.

“மன்னிச்சிடுங்கய்யா. இந்த மூணு மாசமும் நீங்க ஒருத்தரே தனியாவா எல்லாத்துக்கும் போனீங்க?” என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் சிரித்தார்.

“அவர் ஒருத்தரா? செவ்வாய்க்கிழமைதான் அவர் முறை, நாளைக்கு என் முறை.”