பேச்சிக்குப் பத்தியம்

"பாலு நல்லா ஊறணும்னா என்ன திங்கணும், ஐயா?"

வெளியே கொண்டி போட்ட அறைக்குள் உட்கார்ந்து, திண்ணைப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள் பேச்சி. கறவை மாட்டுக்கு விசாரிப்பதுபோல் இருந்தது.

கேள்வி கேட்டவள் ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டு மருமகள் ஜக்கம்மாள். பதில் சொன்னவர் கம்பவுண்டர் வெள்ளைத்துரை. "பூண்டைப் பால்ல வேகவச்சுத் தரலாம், தாயி. முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, சுறாக் கருவாடு. கேப்பைக் கூழும் நல்லதுதான்."

"பச்ச ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு ஊதிரும்கிறாகளே?"

"யாரு சொன்னா? தண்ணி இல்லாம பாலு எங்கேருந்து வரும்? தாகம் எடுக்கிறப்பல்லாம் குடிக்கணும். பெத்து எத்தன நாளாச்சு?"

"இருவத்தெட்டு நாளு."

பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் பிள்ளைக்கு ஐந்து மாதம். பிடித்துவந்து அடைத்தவர்கள் அதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"எருமைக்குப் பருத்திக்கொட்டை வச்ச மாதிரி நெறைய வையி" என்று சிரித்தாள் மாமியார் சுருளியம்மாள்.

ஜக்கம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அவள் பால்தான் ஆகாது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள். மூன்றாவது பிறந்த கையோடு, மலையில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த பேச்சியைப் பால் கொடுக்க அடிவாரத்துப் போடிக்கு இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வந்த நாலாம் நாளே பொதிமாட்டுக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு மலையேறப் பார்த்தாள் பேச்சி. பாதிப் பாதையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து கொண்டி.

ஜன்னலில் மலை தெரிந்தது. அந்தச் சரிவில் எங்கோ ஒரு குடிசையில், நாத்தனார் மடியில், அவள் பிள்ளை கூழ்த் தெளிவு குடித்துக்கொண்டிருக்கும்.

கம்பவுண்டர் சொன்னதெல்லாம் மறுநாளே தட்டில் வந்தது. ஜக்கம்மாளே கொண்டுவருவாள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சரிபாதியைத் தானே அள்ளித் தின்பாள்.

"என்ன தாயி, எனக்கு வச்சதுலயும் கை வக்கிறீக?"

"ருசி பாக்க வேணாமா? பேசாம வெரசாத் தின்னுடி. எனக்குச் சோலி கெடக்கு."

பிறகு மடியிலிருந்து ஒரு பந்து மல்லிகையை எடுப்பாள். மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மாமியார் தினமும் அவளுக்கு வாங்கிக் கொடுக்கும் பூ. "வாசம் மண்டையை இடிக்குது. நீயே வச்சுக்க. பொழுது சாயங்காட்டியும் எடுத்து எறிஞ்சிரு" என்று பேச்சியின் தலையில் சொருகிவிட்டுப் போவாள்.

அந்தப் பூவை எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்தாள் பேச்சி. தன் மாரில் கட்டினால் பால் வற்றிவிடும், விட்டுவிடுவார்கள். ஆனால் வற்றிய மாரோடு போய்த் தன் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? ஒவ்வொரு நாளும் பூ தலையிலேயே வாடியது.

போதாததற்கு அந்த வீட்டுக் குழந்தையும் அவளைச் சோதித்தது. ஜக்கம்மாள் தூக்கிவந்து மடியில் கிடத்தினால், இரண்டு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிடும். பேச்சிக்கு மார் கல்லாய்க் கனத்தது. ஒருவருக்கும் தெரியாமல் சாக்கடை ஓரம் பீய்ச்சிவிட்டாள்.

"பிள்ளை குடிக்க மாட்டேங்குதே, தாயி" என்று ஒருநாள் பயந்து பயந்து சொன்னாள்.

"அத்தை காதுல விழுகாம பேசு" என்று அதட்டிவிட்டுப் போனாள் ஜக்கம்மாள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கம்பவுண்டர் மறுபடி வந்தார். போன தடவைபோலவே குழந்தையை ஏலக்காய் நிறுக்கும் தராசில் கிடத்தினார்கள். பேச்சியையும் வெளியே கூப்பிட்டு நிறுத்தினார்கள். குழந்தை மெலிந்திருந்தால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

கம்பவுண்டர் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்தார்.

"கால் வீசை ஏறியிருக்கான், ஆத்தா. ரொம்ப நல்ல பாலு."

பேச்சி கண்ணைத் திறந்தாள். சுருளியம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்து அவள் முகவாயைப் பிடித்தாள். "தங்கமான பாலுடி ஒனக்கு! இவன் ஓடியாடித் திரியற வரைக்கும் ஒன்னைய மலையேத்தப் போறதில்ல."

 பேச்சி தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் வராமல் அழுதாள்.

ஜக்கம்மாள் தராசுத் தட்டிலிருந்து குழந்தையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஐயா, நல்ல பாலுன்னீகளே. எங்கத்தைக்குக் கேக்குற மாதிரி இன்னொருக்கச் சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல? தராசே சொல்லுதே, தாயி."

ஜக்கம்மாள் மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பன்னெண்டு நாளா இவன் குடிச்சது என் பாலு, அத்தை."