இருக்கும்போதே

டாக்டரம்மா ஒரு கொத்து முடியை விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்தார்.

வந்துவிட்டது.

வலிக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காய்ச்சல் ஏதாவது வந்ததா, பிரசவமா, ஆபரேஷனா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றாள். பெரிய அதிர்ச்சி ஏதாவது? கூட வந்திருந்த நாத்தனார் செங்கமலம்தான் சொன்னாள். தன் தம்பி பெயின்டர். சித்திரையில் சாரத்திலிருந்து விழுந்தான். தலையில் அடி. உயிர் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, ஆளைத் தெரியவில்லை.

டாக்டரம்மா தலையாட்டினார். அப்படித்தானாம். அன்றைக்கு விழுந்த அடிக்கு முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டுமாம். சாப்பிடாமல் தூங்காமல் கிடந்ததும் சேர்ந்துகொண்டதாம். வேர் சாகவில்லை. கீரை, முட்டை, பேரீச்சம்பழம் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். கண்ட எண்ணெயை வாங்கித் தேய்த்துக் காசைக் கரியாக்க வேண்டாம். ஆறு மாதத்தில் தானாக வளர ஆரம்பித்துவிடும்.

“தற்காலிகந்தாம்மா. பயப்படாதீங்க. பயந்தா இன்னும் கொட்டும்.”

தற்காலிகம்.

அவள் புருஷனைப் பார்த்த ஒரு டாக்டர்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

முடிக்குச் சொல்கிறார்கள்.

அவள் அழகுக்காக வரவில்லை. அதை டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். எழுந்து நடக்க வேண்டாம். சம்பாதிக்க வேண்டாம். என்னை இன்னாரென்று அவருக்குத் தெரிந்தால் போதும். என் முடியை உனக்குத் தருகிறேன்.

நகை என்று இருந்ததெல்லாம் அதற்கு முன்பே போயிருந்தது. மிச்சம் இருந்தது முடிதான். முழங்காலைத் தொடுகிற முடி. என் தம்பி உன்னையா கட்டினான், உன் சடையை அல்லவா கட்டினான் என்று செங்கமலமே கேலி செய்வாள்.

இப்போது அது எலிவால்.

தலையணையில் முடி. குளிக்கிற இடத்தில் முடி. அவருக்கு ஆற்றுகிற கஞ்சியில் முடி. முன்பென்றால் சோற்றில் ஒரு முடி கிடந்தாலே தட்டு பறக்கும். இப்போது விழுங்கிவிடுகிறார். பாவி மனுஷன், ஒரே ஒரு தடவை தட்டைத் தூக்கி எறியக் கூடாதா?

அவரிடம் ஒரு மாற்றமும் இல்லை. இங்கே முடி போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு நினைவு வருகிற நாளில் கொடுக்க ஒன்றும் இருக்காது. கொடுக்க ஒன்றும் இல்லாதவள் பேச்சை எந்தச் சாமி காதில் போட்டுக்கொள்ளும்?

மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். முட்டையை மசித்து அவருக்குக் கொடுத்தாள். கீரையும் தின்று பார்த்தாள். பயப்படாமல் இருக்கத்தான் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவரைச் செங்கமலத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சமயபுரம் பஸ் ஏறினாள். எதற்கென்று சொல்லவில்லை.

மொட்டையடிக்கிற மண்டபத்தில் முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தார். கத்தி படுவதற்கு முன்பே முடி கையோடு வந்தது. அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டினது நடந்துவிட்டதா என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றாள்.

நடந்த பிறகுதானே எல்லோரும் கொடுப்பார்கள் என்றார்.

“அப்பக் குடுக்க இருக்காதுண்ணே. இருக்கறப்பவே எடுத்துக்கட்டும்.”

அவர் அவள் தலையைக் குனிய வைத்தார். கத்தியை எடுத்தார்.

சந்தனம் பூசிய தலையோடு சந்நிதியில் நின்றாள். அழுகை வருமென்று நினைத்திருந்தாள். வந்தது கோபம்தான். என் பங்கைக் கொடுத்துவிட்டேன், இனி உன் பாடு என்றாள். பின்னால் நின்ற கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. செங்கமலம் அவள் தலையைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. மத்தியானம் எவ்வளவு கெஞ்சியும் அவன் ஒரு வாய்கூட வாங்கவில்லை, பசியோடு கிடக்கிறான், நீயாவது கொடு என்று மட்டும் சொன்னாள்.

கஞ்சியைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவருக்கு ஊட்டியது அவள் ஒருத்திதான். ஸ்பூன் உதட்டில் பட்டால் வாய் திறக்கும். அது ஆளைத் தெரிந்து திறப்பதல்ல, பச்சைக் குழந்தை திறக்கிற மாதிரிதான், அதை நம்பி ஆசை வளர்த்துக்கொள்ளாதே என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஸ்பூன் உதட்டில் பட்டது.

வாய் திறக்கவில்லை.

இன்னொரு தடவை வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். கஞ்சி கழுத்தில் வழிந்தது.

விழுந்த நாளிலிருந்து அவர் எதற்கும் முகத்தைத் திருப்பியதில்லை.

அவள் ஸ்பூனைப் பிடித்தபடியே இருந்தாள். அவர் அவளுடைய மொட்டைத் தலையைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவர் கண் அவளைத் தாண்டி அடுப்படிப் பக்கம் போனது. வாசலுக்குப் போனது. திரும்பவும் அடுப்படிக்கு வந்தது.

தேடுகிறார்.

அப்படியென்றால் இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“நாந்தாங்க,” என்றாள். “நாந்தான்.”

அவர் வாயை இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.