குதிக்காத பொம்மை

"இன்னாப்பா, வெளாட்றியா? மூணாந்தபா தூக்கிகினு வந்துகீறோம்!"

கரையான்சாவடியில் வேம்புலியின் டி.வி. ரிப்பேர் கடையில், பழுதான என் டேப் ரெக்கார்டரோடு நான் காலை வைக்கும்போதே கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. கத்தியது எங்கள் தெரு நாகவல்லி.

பக்கத்தில் அவள் புருஷன் தங்கவேல் தலையைக் குனிந்து நின்றார். பாடி ஏரியாவில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வலது கை மாட்டி, நாலு மாதமாக வீட்டில் இருக்கிறார். கட்டைவிரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னாராம் டாக்டர். அதற்காக நாகவல்லியின் தம்பி கொடுத்த வீடியோ கேம்தான் மேஜை மேல் கிடந்தது.

"திங்கக்கெழம கம்பெனில கைய பாக்கப் போறாங்க. விரலு வேல செஞ்சாதான் மறுபடி உள்ள சேப்பாங்க. இந்த நேரத்துல பட்டனு வேல செய்லன்னா இன்னா பண்றது?"

வேம்புலி அதன் ஒயரைக் கடை டி.வி.யில் சொருகினான். கேசட்டைக் கழற்றி ஊதி மறுபடி போட்டான். திரையில் பொம்மை வந்து நின்றது.

"அமுக்கு அண்ணாத்தே."

தங்கவேல் ஜாய்ஸ்டிக்கை வாங்கி, பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தார். பொம்மை குதிக்கவில்லை. பள்ளத்தில் விழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி விழுந்தது.

"அமுக்கிகினுதான் கீறேன்..."

பார்க்கவே பாவமாக இருந்தது.

"நானும் ஊட்ல அமுக்கிப் பாத்தேன். குதிக்கவே இல்ல" என்றாள் நாகவல்லி.

வேம்புலி ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தான்.

"உள்ள ரப்பர் தேஞ்சிகீது அண்ணாத்தே. நான் போட்டதும் டூப்ளிகேட்டு போல. ரிச்சி தெருவுல நல்லதா வாங்கியாறேன்."

"அப்போ மெஷின்லதான் கோளாறா?" என்றார் தங்கவேல்.

"மெஷின்லதான்."

"தொழில் தெரிலன்னா கடைய மூடிகினு போ! நீயெல்லாம் உருப்படுவியா?" என்று கத்திவிட்டுப் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள் நாகவல்லி.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனை நம்பி என் டேப் ரெக்கார்டரைக் கொடுப்பதா?

வேம்புலி ஜாய்ஸ்டிக்கில் எதையும் மாற்றாமல் மூடியை முடுக்கினான். பட்டனைத் தட்டினான். பொம்மை குதித்தது. இன்னொரு தட்டு. பள்ளத்தைத் தாண்டி ஓடியது.

"அடப்பாவி! நல்லாத்தானே இருக்கு? கை போய் உட்கார்ந்திருக்கிற மனுஷனை எதுக்குய்யா அலைய விடறே?"

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மொத நாளே பாத்துட்டேன் சார். விரலு பட்டன் மேலதான் கீது, ஆனா அழுத்தமே இல்ல. அமுக்கறதா அவரு நெனச்சிகினு கீறாரு. அத எந்த வாயால சார் சொல்றது? அதான் மெஷின் மேல பழியப் போட்டேன்."

இவனையா திட்டினேன்!

"ஆனா ஒண்ணு சார்... அந்தக்கா அமுக்கியும் குதிக்கலன்னுச்சே, அதான் புரில."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, நாகவல்லி மட்டும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர பஸ் ஸ்டாப்ல குந்த வெச்சிட்டு வரேன். கோச்சுக்காத தம்பி. நரம்பு செத்துப்போச்சு, இனிமே வராதுன்னு பெரியாஸ்பத்திரில எங்கைல சொல்லிட்டாங்க. திங்கக்கெழம வரிக்கும் இது ரிப்பேராவே கெடக்கட்டும். நாளைக்கும் வந்து திட்டுவேன், வாங்கிக்கப்பா. நான் திட்டினாத்தான் கோளாறு மெஷின்லன்னு அவரு நம்புறாரு."