டிசம்பர் வெயில்

வேலை வீட்டார் விடுமுறைக்குத் தங்கியிருந்த பங்களாவின் பின்கதவைத் திறந்துகொண்டு கிருஷாந்தி வெளியே வந்தபோது, நாகலெட்சுமியின் கண்ணில் முதலில் பட்டது மகளின் முகம் இல்லை. அவள் போட்டிருந்த சட்டை.

அரைக்கை வைத்த மெல்லிய பருத்திச் சட்டை. கொழும்புப் புழுக்கத்துக்குப் போடுவது.

நுவரெலியாவில் டிசம்பர் கடைசி. விடியலில் விரல் விறைக்கிற குளிர். பத்து மணிக்கு மண்டையைப் பிளக்கிற வெயில். நடுப்பகல் தாண்டவில்லை, அதற்குள் மூடுபனி இறங்கித் தூறலும் பிடித்துக்கொண்டது. இந்த ஊர் வானத்தை நம்பி ஒரு துணி காயப்போட முடியாது.

மகளைக் கட்டிப் பிடித்தாள். மூன்று தீபாவளிக்குப் பிறகு கைக்கு எட்டிய பிள்ளை. தோளெல்லாம் ஜில்லென்று இருந்தது. உள்ளுக்குள் நடுங்குவது தெரிந்தது.

 எல்லாம் நாகலெட்சுமியின் வாயால் வந்த வினை.

கிருஷாந்திக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் லீவு கேட்பாள். நீ போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பார் மேடம். நியாயமான கேள்விதான். நாகலெட்சுமி தன் பிள்ளையை எப்போது பார்ப்பது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மகள் போன் எடுத்தாள். விடுமுறைக்கு வீட்டுக்காரர்கள் நுவரெலியா வர யோசிக்கிறார்களாம். வந்தால் அவளையும் கூட்டி வருவார்களாம். ஆனால் மேடத்துக்குக் குளிரென்றால் பயம். குளிர் கடுமையாக இருந்தால் தெற்கே காலி நகரப் பக்கம் கடலுக்கே போய்விடலாம் என்கிறாராம். அங்கே காலநிலை எப்படி, என்னென்ன உடுப்பு எடுத்து வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றிருந்த மேடம், கடைசியில் தானே போனை வாங்கிக்கொண்டார்.

நாகலெட்சுமி அப்போது மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றாள். தலையில் நனைந்த கம்பளி. மூக்கு நுனியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வெயிலு சுள்ளுன்னு அடிக்குதுங்க மேடம். குளிரே இல்லீங்க. கொழும்புல போடுற உடுப்பே போதும்ங்க."

வாய் கூசவில்லை. மழைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று போனைக் கம்பளிக்குள் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது தாயே என்று கற்பூரம் கொளுத்தினாள். தன் பிள்ளைக்கும் குளிருமே என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் தும்மலிலேயே அவர்களின் அப்பா பஜாரில் காரை நிறுத்தியிருந்தார். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இரண்டும் புது ஜாக்கெட்டும் குல்லாவுமாகப் பஞ்சு மூட்டை போல ஓடிக்கொண்டிருந்தன. கிருஷாந்திக்கு எதுவும் வாங்கவில்லை. அவள் இந்த ஊர்ப் பெண்தானே, பழகியிருப்பாள் என்று விட்டிருப்பார்கள்.

கதவோரம் மேடத்தின் தலை தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்னம்மா, நல்ல வெயில் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"



"நேத்து வரைக்கும் வெயில்தானாம் மேடம். இன்னைக்குத்தான் திடீர்னு மாறிருச்சு," என்றாள் கிருஷாந்தி. "எனக்கெல்லாம் குளிரவே இல்ல."

மேடம் வானத்தைப் பார்த்தார். கிருஷாந்தியின் அரைக்கைச் சட்டையைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அவர் மறைந்ததுதான் தாமதம், நாகலெட்சுமி தன் பழைய சுவெட்டரைக் கழற்றி மகளின் தோளில் போட்டாள். ஆற்றாமை கோபமாக வந்தது.

"ஏம் புள்ள, நான்தான் வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீ இங்கன பொறந்தவதானே, ஒனக்குத் தெரியாதா? போறப்ப நான் வாங்கிக் குடுத்த நீல சுவெட்டர் எங்க?"

"தெரியும்மா. போன்லயே மழைச் சத்தம் கேட்டுச்சு." கிருஷாந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத மொதல்ல பேக்ல வச்சிட்டேன். மேடம் பார்த்துட்டு, அப்ப அங்க குளிருமான்னு கேட்டாங்க. அவங்க கண்ணு முன்னாலயே எடுத்துத் திரும்ப அலமாரில வச்சேன். அதுக்கப்புறந்தான் காலிக்குப் போறத விட்டாங்க."



உள்ளேயிருந்து சின்னது "அக்கா" என்று கூப்பிட்டது.

கிருஷாந்தி சுவெட்டரைக் கழற்றித் தாயின் கையில் திணித்தாள்.

"நீங்க போட்டுக்கங்க. நான் போட்டா குளிருதுன்னு தெரிஞ்சிரும். அடுத்த வருசமும் ஒங்ககிட்டதான் கேப்பாங்க."

தாய் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். மழைக்குள் முதுகை நிமிர்த்தி நடந்தாள். கதவு வரைக்கும் ஒரு தடவைகூடக் கையைத் தேய்த்துக்கொள்ளவில்லை.