தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றெட்டா?

"தொண்ணூத்திரெண்டா, தொண்ணூத்தஞ்சா, தொண்ணூத்தெட்டா சார்?"

பெட்ரோல் போடுகிறவர் குழாயும் கையுமாக நின்றார். கண்ணாடிக்கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த கார். அங்கே யாரோ ஏழு வருஷம் ஓட்டியது, இவர் கைக்கு வந்து ஒன்பது நாள். விற்றவர் ஊற்றிக் கொடுத்த பெட்ரோல் இன்று காலையோடு தீர்ந்து, முள் தரையைத் தொட்டுவிட்டது.

பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. எந்த எண் பெட்ரோல் போடவேண்டும் என்பது அதில்தான் இருக்கிறதாம். அத்தனையும் ஜப்பானிய எழுத்து. பேருக்குக்கூட ஓர் எண் இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக்குப் பவர் பார்க்க ஊரையே நாற்காலியில் உட்காரவைத்து, கீழ்வரியைப் படி கீழ்வரியைப் படி என்று அதட்டியவர் அவர். இன்று அவர் முறை. தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். எழுத்தென்னவோ பளிச்சென்றுதான் தெரிந்தது.

பின்னால் நின்ற வேன் ஹாரன் அடித்தது.

காருக்குள் அவர் மனைவி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கார் வந்த நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வரும், சட்டை இஸ்திரி போட்டு வரும், பேச்சு மட்டும் வராது.

மேட்டுத்தெருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதால்தான் இன்று ஏறியிருக்கிறாள். ஏறியதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலால் தரையில் விரித்திருந்த மிதியடியை ஓங்கி அழுத்தினாள். மிதியடியைச் சாக்கிட்டுத் தன்னைத்தான் மிதிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கேட்காமல் வாங்கியது தப்புதான். ஆனால் திடீரென்று வாசலில் கொண்டுவந்து நிறுத்தி அவளை அசத்திவிடலாம் என்று அல்லவா கணக்குப் போட்டார்! ஜப்பான்காரன் அனுப்பியதே ஒரே ஒரு சாவி. அதைக் கடை ஷட்டர் சாவிகளோடு கோத்து, அவள் கண்ணெதிரே இடுப்பில் மாட்டிக்கொண்டபோதுகூட அவருக்கு அவ்வளவு பெருமை. அன்று மூடிய வாய் இன்னும் திறக்கவில்லை. அவள் பேசாத வீட்டில் அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

மெக்கானிக் வேறு பயமுறுத்தி அனுப்பியிருந்தார். காருக்குத் தேவையானதைவிடக் குறைந்த எண் பெட்ரோல் போட்டால் மேடு ஏறும்போது இன்ஜின் டக்டக்கென்று தட்டுமாம். மேட்டுத்தெரு ஏற்றத்தில் அது தட்ட ஆரம்பித்தால் அவள் ஏன் பேசவேண்டும்? அவள் சார்பில் காரே பேசிவிடும்.

மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை, கருத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. தொண்ணூற்றெட்டுக்குக் கீழே தொடவே கூடாது என்றார். வேன்காரர் இறங்கி வந்து, இரண்டைப் பாதிப் பாதி கலந்து ஊற்றச் சொன்னார். பெட்ரோல் போடுகிறவர், எதைப் போட்டாலும் சீக்கிரம் போட்டால் சரி என்றார்.

ஆளுக்கொரு வைத்தியம். நோயாளிக்கு வாயில்லை.

எண் பெரிதானால் மரியாதையும் பெரிதுதானே என்று கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமி, தொண்ணூற்றெட்டு என்று சொல்லப் போனார்.

கார்க் கண்ணாடி சர்ரென்று கீழே இறங்கியது.

"தொண்ணூத்திரெண்டு போதும். தேவைக்கு மேல பவர் போட்டா பார்வை கூடாது, தலைவலிதான் கூடும்."

ஒன்பது நாள் கழித்து வந்த முதல் பேச்சு. அதுவும் அவர் கடையில் தினம் நாலு பேரிடம் அவரே சொல்லும் வசனம். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

"அட, அக்கா நீங்களா?" பெட்ரோல் போடுகிறவர் அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தொண்ணூற்றிரண்டைச் சொருகிவிட்டார்.

அக்காவா? கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னலருகே குனிந்தார்.

அவள் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை நீட்டினாள். ஓட்டுநர் உரிமம். படத்தில் அவளேதான். தூரத்துப் பலகையெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று மூன்று மாதம் முன்பு அவரிடமே செய்து வாங்கிய கண்ணாடியைப் போட்டிருந்தாள். காலையில் அக்கா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று அவள் கிளம்பத் தொடங்கியதும் அதே மூன்று மாதம் முன்புதான்.

"டிரைவிங் ஸ்கூல்லயும் இதே காருதான். இங்கதான் பெட்ரோல் போடுவோம்" என்றாள். பிறகு அவர் இடுப்பைப் பார்த்தாள். "கார் வாங்கினதுக்கா எனக்குக் கோபம்? இன்னொரு சாவி செய்யணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வேன்காரர் அவசரத்தை மறந்து வேடிக்கை பார்த்தார்.

கொத்திலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுப்பதற்குள் கண்ணாடிக்கடைக்காரருக்கு நகம் உடைந்தது. அதை அவள் கையில் கொடுத்தார். அவள் இறங்கி, காரைச் சுற்றிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார, அவர் இடதுபக்கம் ஏறினார்.

மேட்டுத்தெரு ஏற்றத்தில் இன்ஜின் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. அவள் ஒன்பது நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் ம், ம் என்றார் அவர். திருப்பம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் மிதியடியை ஓங்கி அழுத்தியது.