குழாய்க்குப் பயந்த ஏலக்காய் முதலாளி

"காலை நீவி விட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமாங்க சார்" என்றாள் பிச்சையம்மாள். "பிள்ளை பெத்த பொண்ணுக்குக் கால் வீங்கிருச்சு. நீர் கோத்திருக்குன்னு வெளக்கெண்ணெயைச் சூடு பண்ணி மூணு நாளா நான்தான் நீவி விட்டேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது நீர் இல்லம்மா, ரத்தக்கட்டி. நீவ நீவ மேல ஏறி, நுரையீரல்ல போய் அடைச்சிருச்சு."

மருமகன் இனியன் டாக்டர் முன்னால் வந்து நின்றான். கம்பம் மெட்டு வளைவுகளில் ஒற்றைக் கையால் ஜீப்பை ஒடிக்கிறவன் அவன். மார்க்கையன்கோட்டையிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு எப்படி ஓட்டி வந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. உள்ளே பெண்டாட்டி வேல்விழி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்கிறாள். பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

"கரைக்க மருந்து இருக்குல்ல சார்?"

"இருக்குப்பா. ஆனா பச்சை உடம்பு. மொத்தமா ஏத்துனா உதிரம் நிக்காது. புதுசா ஒரு குழாய் வந்திருக்கு, ஈர்க்குச்சி கணக்கா இருக்கும். வயித்துப் பிள்ளையை ஸ்கேன்ல பாக்குறோமே, அதே மாதிரிச் சத்த அலை அதுல இருந்து கிளம்பிக் கட்டியை இளக்கிக் குடுக்கும். கொஞ்சூண்டு மருந்து போதும். மிஷினை நேத்துதான் மதுரையிலிருந்து கொண்டுவந்தேன்."

"அப்புறம் என்ன சார்? போடுங்க சார்!"

"ஒரு குழாய் ஒரு ஆளுக்குத்தான். இருக்கிறதே ஒண்ணுதான். அதுவும் எதிர் ரூம்ல இருக்கிறவர் இதே மாதிரிக் கட்டி அடைச்ச தன் காலுக்காகச் சென்னையிலிருந்து வரவழைச்சது. அடுத்தது வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் உன் சம்சாரம் தாங்காதுப்பா."

எதிர் ரூமில் இருந்தது போடி ஏலக்காய் வியாபாரி இம்மானுவேல். எழுபது வயசு, ஆள் பாதி மீசை பாதி. ஏலத்தில் அவர் தொண்டையைக் கனைத்தாலே மற்ற வியாபாரிகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று பேர்.

இனியன் ஓடிப்போய்க் கட்டிலடியில் விழுந்தான். "ஐயா, அந்தக் குழாயைக் குடுத்தீகன்னா எம்பொண்டாட்டி பொழைச்சுக்குவா! பத்து நாள் பிள்ளைங்கய்யா!"

இம்மானுவேல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மகன் கிங்ஸ்லிதான் பேசினான். "பாவமாத்தாண்ணே இருக்கு. ஆனா எங்கப்பா கால் கறுத்துக்கிட்டே வருது. காலை எடுக்கணும்னு சொன்னா நீங்களா வந்து நிப்பீக? மனசுல வச்சுக்காதீக, வெளிய போங்க."

'கல்நெஞ்சக்காரக் கூட்டம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான் இனியன். வராண்டாவில் பிச்சையம்மாள், "எங்கையாலயே கொன்னுட்டேனே!" என்று அடித்துக்கொண்டு அழுதாள்.

அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது.

"ஐயோ! கர்த்தரே! கொல்றாகளே!"

எதிர் ரூமில் அலறல். குழாய்ப் பெட்டியோடு உள்ளே போன நர்ஸ் முத்துமாரியம்மாள், போன வேகத்தில் வெளியே ஓடி வந்தாள். இம்மானுவேல் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"கரண்டுக் குழாயைக் காலுக்குள்ள விட்டா மனுசன் கரிஞ்சு போவான்! ஏலே கிங்ஸ்லி, பெத்த அப்பனைக் கொல்லவா பிளேன் ஏறி வந்த?"

"வலிக்காதுன்னு டாக்டர் சொன்னாகல்லப்பா!"

"அப்ப நீ படு, உனக்கு விடட்டும்! தாயி, அந்தச் சனியனை என் கண்ணுல காட்டாத. யாருக்கு வேணும்னாலும் கொண்டுபோய்ப் போடுங்க!"

வார்டே வாசலில் கூடிவிட்டது. "இம்புட்டுப் பெரிய மீசைக்குள்ள இம்புட்டுப் பயமா!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. கிங்ஸ்லி கூனிக் குறுகிப்போனான். "மானத்தை வாங்குறீகளேப்பா!"

டாக்டர் வந்தார். இம்மானுவேலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிஜமாவே வேணாமா? ரெண்டு நாள் தள்ளுனா உங்க காலுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

"கால் போனாப் போகுது, உசுரு நிக்கட்டும்! எங்க கையெழுத்துப் போடணும், குடுங்க!"

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பெட்டி ஓடியது, நர்ஸ் ஓடினாள், வேல்விழியின் ஸ்ட்ரெச்சர் ஓடியது, பின்னாலேயே இனியனும் செருப்பில்லாமல் ஓடினான்.

மறுநாள் காலை. திரையை விலக்கிப் பார்த்தால், வேல்விழி சீராக மூச்சு விட்டுக்கொண்டு கேட்கிறாள்: "பிள்ளை பால் குடிச்சானா?"

அவ்வளவுதான்! மாமியார் என்றும் பாராமல் பிச்சையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான் இனியன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வராண்டாவில் டாக்டரைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"நல்லவேளை சார், அந்தப் பெருசு பயந்துச்சு! என்னா கத்து! தொடை நடுங்கிப்போச்சே மனுசனுக்கு! இந்தாளெல்லாம் எப்படித்தான் ஏலம் எடுக்குறாரோ!"

டாக்டர் சிரிக்கவில்லை. எதிர் ரூமில் இம்மானுவேல் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி படுத்திருந்தார். சென்னையிலிருந்து அடுத்த குழாய் இன்னும் வரவில்லை.

"மெதுவாப் பேசுப்பா, அவரு மகன் காதுல விழுந்துரப் போகுது" என்றார் டாக்டர். "போன வருஷம் அந்தப் பையன் துபாய்ல இருக்கிறப்ப, பதறிருவான்னு அவனுக்குத் தகவல்கூடச் சொல்லாம, மதுரையில இவரோட இன்னொரு கால்ல இதே குழாயை நான்தான் போட்டேன். ஒரு பகல் ஒரு ராத்திரி பூரா, குழாயோடயே நர்சுகளுக்குக் கீர்த்தனை சொல்லிக் குடுத்துக்கிட்டுக் கெடந்தாரு."